கழற்றிப் பூட்டிய மலையகம்

வலப்பனைப் பிரதேச செயலகப் பிரிவில் இராகலை என்றொரு சிறுநகரம் உண்டு. இன்று அங்கே செல்ல விரும்புவோர் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக பஸ்ஸில் செல்லவேண்டும். ஆனால் 1904ஆம் ஆண்டு தொடக்கம் 1940கள் வரை இராகலைக்குப் புகையிரதம் ஓடியது என்பதை இன்றைய இளந்தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவார்கள்? நானுஓயாவில் புறப்பட்டு, நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் ஆகிய இடங்களைத் தொட்டு இராகலையில் முடிந்த அந்தப் பாதையின் நீளம் சுமார் 19 மைல். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் இரண்டரை அடி. உடப்புசல்லாவைப் புகையிரதப் பாதை என்பது அதன் பெயர்.

அந்தப் பாதை எங்கே போயிற்று? மண்சரிவில் புதையவில்லை, வெள்ளம் அடித்துச் செல்லவுமில்லை. வீதிப் போக்குவரத்து வளர்ந்து வருமானம் குறைந்தபோது, வந்தவழியே கழற்றி எடுக்கப்பட்டது. தண்டவாளம் என்பது தொடர்ச்சியான ஓர் இரும்புக் கோடு போலக் கண்ணுக்குத் தெரிந்தாலும், அது பல துண்டுகளின் வரிசை. ஒரு துண்டின் முனையையும் அடுத்த துண்டின் முனையையும் இருபுறமும் தகடு வைத்து, துளைகளினூடே மரையாணிகளைச் செலுத்தி, சுரைகளை முறுக்கி இணைப்பார்கள். பிஷ் பிளேட் எனப்படும் இந்த இணைப்புத் தகட்டுக்கு 1847இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. இணைப்பவன் எந்தச் சாவியால் முறுக்கினானோ, அதே சாவியை மறுபுறம் திருப்பினால் பாதை மீண்டும் துண்டுகளாகிவிடும்.

மலையகத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கோப்பியும் தேயிலையும், துரைமாரும் கங்காணிமாரும், சட்டங்களும் ஒப்பந்தங்களும் என்றே எழுதி வந்திருக்கின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலான பத்திரிகைப் பணியில் நானும் அப்படித்தான் எழுதினேன். இந்தக் கட்டுரையில் சற்று வேறொரு வழியால் அந்த வரலாற்றுக்குள் நுழைய விரும்புகின்றேன். அந்த வழி மிகச் சிறியது: ஒரு மரையாணியும் அதன் சுரையும்.

ஆணியும் மரையாணியும்

இரண்டு பொருட்களை ஒன்றாக்குவதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சேர்த்தால் சேர்த்ததுதான். பசை, சாந்து, பற்றவைப்பு, அறைந்து இறக்கிய ஆணி ஆகியவை இந்த வகை. இவற்றைப் பிரிக்கவேண்டுமானால் எதையாவது உடைக்கவேண்டும். மற்றையது, சேர்க்கவும் முடியும், சேதமின்றிப் பிரிக்கவும் முடியும். ஆப்பு, முளை, திருகாணி, மரையாணி ஆகியவை இந்த வகை.

பிரிக்கத்தக்க இணைப்பு வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். கண்டி மாவட்டத்தில் உடுநுவரைப் பகுதியிலுள்ள எம்பெக்கே தேவாலயம் பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை இராசதானிக் காலத்தில் எழுந்தது. அதன் மரச்செதுக்கல் தூண்களைப் பார்த்து வியக்கும் பயணிகள் பலர் கூரையை அண்ணாந்து பார்க்கத் தவறிவிடுகின்றனர். அங்கே 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் பிடித்து நிறுத்துவது ஒரேயொரு பெரிய மரமுளை. சிங்களத்தில் அதனை மடொல் குருபாவ என்பர். பதுளைப் பக்கத்தில் போகொட என்னுமிடத்திலுள்ள கூரையிட்ட மரப்பாலமும் இரும்பாணி இன்றி அமைந்தது என்று பெயர் பெற்றது.

தமிழகத்திலும் இந்த அறிவு நெடுங்காலமாக உண்டு. திருவாரூர் ஆழித்தேரின் மேற்கட்டுமானம் மூங்கிலாலும் சீலையாலும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கட்டப்பட்டு, விழா முடிந்ததும் பிரிக்கப்படுகின்றது. கயிறும் முடிச்சுமே அங்கு இணைப்பான்கள்.

எனினும் இந்த மரபு இணைப்புகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. எம்பெக்கேயின் முளை எம்பெக்கேயின் கூரைக்கு மட்டுமே பொருந்தும். அதைச் செதுக்கிய தச்சனின் கையளவு அதில் இருக்கின்றது. ஆரம்பகால இரும்பு மரையாணிகளும் இவ்வாறே இருந்தன. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை அளவை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் சுரை மற்றொரு பட்டறையின் ஆணியில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்கு முடிவு கட்டினார். மரையின் கோணம் 55 பாகை என்றும், இன்ன தடிப்புள்ள ஆணிக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை என்றும் அவர் வகுத்தார். அரை அங்குல ஆணி என்றால் அங்குலத்துக்கு 12 மரை. பிரித்தானியப் புகையிரதக் கம்பனிகள் அந்த அளவை ஏற்றுக்கொள்ள, அது ஒரு தேசத்தின் அளவாயிற்று. பின்னர் ஒரு பேரரசின் அளவாயிற்று.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மன்செஸ்டரில் செய்த ஆணிக்குக் கிளாஸ்கோவில் செய்த சுரை பொருந்தும். கொழும்பில் ஒரு சுரை தொலைந்தால், அதே அளவில் இன்னொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். கடல்கடந்த நாடுகளில் பொறிகளையும் கட்டடங்களையும் நிறுவுவதற்கு இதனைவிட வேறென்ன வேண்டும்?

துண்டு துண்டாக வந்த ஸ்டோர்

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். 1873இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குச் சென்றது. ஆரம்பத்தில் பங்களாவின் விறாந்தையில் மேசைமீது கையால் உருட்டப்பட்ட கொழுந்து, சில ஆண்டுகளுக்குள் பொறிகளுக்குள் புகுந்தது. கோப்பிச் செடிகளை நோய் அழிக்க, மலைகளெங்கும் தேயிலை படர்ந்தது. தேயிலைக்கோ கோப்பிக்கு இல்லாத ஓர் அவசரம் உண்டு. பறித்த கொழுந்தைத் தாமதமின்றி வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தியாகவேண்டும். ஆகவே தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். நம் மக்கள் இன்றுவரை அதனை ‘ஸ்டோர்’ என்றே அழைக்கின்றார்கள்.

கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம், ஆறாயிரம் அடி உயரத்தில், வண்டிப்பாதை மட்டுமே உள்ள மலைச்சரிவில், நான்கு மாடி உயரமான இரும்புக் கட்டடத்தை எழுப்புவது எங்ஙனம்? அங்கேதான் மரையாணி வேலைக்கு வருகின்றது. தூண்கள், விட்டங்கள், கைமரச் சட்டங்கள் யாவும் அளவாக வெட்டப்பட்டு, துளையிடப்பட்டு, துண்டுகளாக மலையேறின. 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகை எழுப்பப்பட்ட முறையின் தொடர்ச்சியே இது. 1829இல் காப்புரிமை பெற்ற நெளிதகரம் கூரையாகவும் சுவராகவும் அமைந்தது. அந்தத் தகரத்தைச் சட்டத்தோடு பிணைப்பது வளைந்த கொக்கி ஆணி. அதன் ஒரு முனை சட்டத்தைக் கவ்வும். மறுமுனையில் மரையும் சுரையும் இருக்கும். மழைநீர் துளைவழியே ஒழுகாதிருக்க ஒரு வில்லை இடப்படும். காற்றில் ஒரு தகரம் கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம்.

உள்ளே நின்ற பொறிகளும் இவ்வாறே வந்தன. கெயின்ஸ்பரோவிலிருந்த மார்ஷல் கம்பனியின் உருட்டும் பொறிகளும், பெல்பாஸ்டில் டேவிட்சன் நிறுவிய சிரோக்கோ ஆலையின் உலர்த்திகளும் பெட்டிகளில் துண்டுகளாக இறங்கின. உள்ளூரில் வோக்கர் கம்பனியும் கொழும்பு கொமர்ஷல் கம்பனியும் பொறிகளைச் செய்தும் பூட்டியும் கொடுத்தன. புகையிரதம் 1885இல் நானுஓயாவை எட்டியதும் இந்தப் பாரமெல்லாம் ஏறுவது இலகுவாயிற்று. இராகலைப் பாதை திறந்தபின் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அந்த வசதி கிட்டியது.

நிறைவேறிய கட்டடத்தை நாம் ‘வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டோர்’ என்கின்றோம். வரைந்தவனும் வார்த்தவனும் வெள்ளைக்காரன் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டங்களைச் சுமந்தவர்களும், மழையிலும் பனியிலும் நின்று பாரம் இழுத்தவர்களும் யார்? அந்த ஸ்டோர்களை ஒரு நூற்றாண்டு காலம் கழற்றிப் பூட்டி ஓடவைத்த பிட்டர்மாரில் பெரும்பாலோர் எழுத்துப் பதிவு இல்லாதவர்கள். 1996இல் கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலாக மாற்றப்பட்டபோது அதன் இரும்புச் சட்டகமும் பழைய பொறிகளும் பேணப்பட்டன. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. இரும்பைப் பேணியது நல்ல காரியம். அந்த இரும்பைப் பேணிய கைகளுக்கு ஓர் ஏடு இன்னும் இல்லை.

அந்தக் கைகளிலிருந்த அறிவு சாதாரணமானதன்று. பழைய பொறிகளில் இருப்பவை விட்வேர்த் மரைகள். இன்று கடையில் கிடைப்பவை மெட்ரிக் மரைகள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். பார்வைக்கு 12 மில்லிமீற்றர் ஆணி அதற்கு ஈடாகத் தோன்றும். ஆனால் தடிப்பும் வேறு, மரையின் இடைவெளியும் வேறு, கோணமும் வேறு. அறியாதவன் வலிந்து முறுக்கினால் மரை அழிந்துவிடும். தோட்டத்து பிட்டர் ஆணியைக் கையிலெடுத்து விரலால் தடவியே எந்த மரை என்று சொல்லிவிடுவார். இராகலைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவருடன் சில ஆண்டுகளுக்கு முன்னர் பேசக் கிடைத்தது. பாவனைக்கு உதவாத பொறிகளிலிருந்து கழற்றிய ஆணிகளையும் சுரைகளையும் அவர் அளவுவாரியாகத் தகர டப்பாக்களில் இட்டு வைத்திருந்தார். அவருக்குப் பின் அந்த டப்பாக்கள் பழைய இரும்புக்காரரிடம்தான் போகும் என்று நினைக்கின்றேன்.

பலகைக் கட்டாக வந்த பெட்டி

இரும்பை விட்டுப் பலகைக்கு வருவோம். தட்டையாக அடுக்கி அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் தளபாடம் என்றதும் இன்று எல்லோருக்கும் சுவீடன் நாட்டு ஐக்கியா கம்பனிதான் நினைவுக்கு வரும். மேசையின் கால்களைக் கழற்றி அனுப்பும் எண்ணம் அங்கே 1956இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே, 1859இல், வியன்னாவின் தோனெட் கம்பனி வளைத்த மரத்தால் ஒரு நாற்காலி செய்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு சுரைகள். கழற்றிய நிலையில் ஒரு கனமீற்றர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. பிரித்தானிய இந்தியப் படையினருக்கோ ரூர்க்கி நாற்காலி இருந்தது. பசையோ ஆணியோ இல்லை. மரச்சட்டங்களைச் செருகி, தோல்வாரை இறுக்கினால் நாற்காலி. முகாம் மாறும்போது அவிழ்த்துச் சுருட்டிக்கொள்ளலாம்.

நமது தோட்டங்களும் இதே வேலையை நாள்தோறும் செய்துகொண்டிருந்தன. தேயிலைப் பெட்டியைத்தான் சொல்கின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒட்டுப்பலகை சந்தைக்கு வந்தது. பால்டிக் கரையிலுள்ள தாலின் நகரில் லூதர் கம்பனி செய்த ஒட்டுப்பலகையை லண்டனில் வெனஸ்டா என்ற கம்பனி தேயிலைப் பெட்டிகளாக விற்றது. வெறும் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றினால் காற்றுக்குத்தான் கூலி கொடுக்கவேண்டும். ஆகையால் பலகைகள் கட்டுக்கட்டாகவும், மூலைச்சட்டங்களும் தகர விளிம்புகளும் ஆணிகளும் தனித்தனியாகவும் வந்தன. ஸ்டோரில் அவற்றைப் பெட்டியாக்கி, உள்ளே ஈயத்தாளோ பின்னாளில் அலுமினியத்தாளோ விரித்து, ஏறத்தாழ 100 இறாத்தல் தேயிலையை நிரப்பி, தோட்டத்தின் பெயரை வெளியே பொறித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஏற்பட்டதற்கும் இந்தப் பெட்டியே முக்கிய காரணம்.

தேயிலைப் பெட்டி முழுமையாகக் கழற்றத்தக்கதன்று. இறுதியில் அது ஆணியடித்த பெட்டி. ஆயினும் அந்த ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை மீட்டெடுக்கும் வித்தை நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. லயத்துக் காம்பராக்களில் அந்தப் பலகை தட்டாகியது; தடுப்பாகியது; பிள்ளைகளின் படிக்கும் மேசையாகியது; சாமிப்படம் வைக்கும் மாடமுமாகியது. ஒரு பக்கத்தில் எங்கோ ஒரு தோட்டத்தின் பெயர் பாதி அழிந்த நிலையில் தெரியும். காகிதப் பைகள் வந்து பெட்டிகள் மறைந்தபோது, லயங்களின் தளபாடத்துக்கான மூலப்பொருளும் மறைந்துபோயிற்று.

கழற்றப்பட்ட மனிதர்கள்

இவ்வளவையும் எழுதியபின் ஒரு விடயத்தைச் சொல்லாமல் செல்லமுடியாது. தண்டவாளத்தையும் தொழிற்சாலையையும் பெட்டியையும் துண்டுகளாகக் கொண்டுவந்த அதே ஏற்பாடு, மனிதர்களையும் அவ்வாறே கொண்டுவந்தது. தேவையான எண்ணிக்கையில் இறக்கினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பொருத்தினார்கள். சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டோடும் இணையாத துண்டுகளாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கப்பட்டனர். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பகிரப்பட்டார்கள்.

ஒரு பொறியைக் கழற்றும் பிட்டர், எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர்ந்தது என்று அடையாளமிட்டுத்தான் கழற்றுவார். இந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தியவர்களிடம் அந்த அளவு கவனமும் இருக்கவில்லை. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று குடும்பங்கள் இரண்டாயின. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினரை, 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் ஏற்றுக்கொண்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்கள். இங்கே எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

பிரஜாவுரிமை கிடைத்தது. வீடு? பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதில் ஒரு யன்னல் திறப்பதற்கும் பின்புறம் ஒரு தாழ்வாரம் இறக்குவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஸ்டோரின் ஒவ்வொரு சுரையையும் முறுக்கிய ஒருவர், தாம் உறங்கும் அறையின் சுவரில் தம் விருப்பப்படி கைவைக்க முடியாது. எனக்குத் தெரிந்தவரை, மலையக வரலாற்றின் சாரம் இந்த ஒரு முரண்பாட்டில் அடங்கியிருக்கின்றது.

அரைச் சுற்றில் இறுகும் அலுமாரி

இன்று கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது அட்டைப்பெட்டியில் ஓர் அலுமாரி கொண்டுவருகின்றார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் ஏற்றலாம். ஒற்றையடிப் பாதையில் தோளில் சுமக்கலாம். முழு அலுமாரி நுழையாத காம்பரா வாசலில் பலகை பலகையாக உள்ளே போகும். அதைச் சேர்ப்பது ஒரு சிறிய வில்லை. ஒரு பலகையின் முகத்தில் தலையுள்ள ஊசியொன்றைத் திருகுவார்கள். மற்றப் பலகையில் 15 மில்லிமீற்றர் அகலக் குழியில் வில்லை அமர்ந்திருக்கும். ஊசியின் தலை வில்லைக்குள் புகுந்ததும், திருப்புளியால் ஓர் அரைச் சுற்று. வில்லைக்குள்ளிருக்கும் சாய்ந்த விளிம்பு ஊசியை உள்ளிழுக்க, இரு பலகைகளும் இறுகிச் சேரும். மறுபுறம் திருப்பினால் விட்டுவிடும்.

நல்ல உத்திதான். ஆனால் அந்தப் பலகை மரமன்று. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்தது. எங்கள் மலையின் ஈரக்காற்றில் அது ஊதிவிடும். ஊதினால் குழி தளரும். குழி தளர்ந்தால் வில்லைக்குப் பிடிமானம் இல்லை. இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டினால் தளபாடம் ஆடத் தொடங்கும். இணைப்பான் எவ்வளவு திறமையானதானாலும், அது எதைப் பற்றிக்கொள்கின்றதோ அது உறுதியாக இருக்கவேண்டும். வாங்குவோருக்கு என் ஆலோசனை: சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், பூட்டும்போது அளவுக்கு மிஞ்சி முறுக்காதீர்கள்.

மலை அசையும்போது

வலப்பனை மக்களுக்கு அசையாத நிலம் என்று ஒன்று இல்லை. 2007 ஜனவரியில் பெய்த பெருமழையில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தை மீண்டும் புரட்டிப்போட்டது. வீதிகளும் பாலங்களும் அறுந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் காம்பராவை விட்டு வெளியேறவேண்டும். எங்கே போவது என்பதற்கு மட்டும் விடை இருப்பதில்லை.

புயலுக்குப் பின் இந்தியா அனுப்பிய உதவிகளில் பெய்லி பாலங்களும் இருந்தன. 2025 டிசம்பரில் கிளிநொச்சி மாவட்டத்தில் 120 அடிப் பாலமொன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி வடிவமைத்த முறை இது. பத்தடி நீளமான ஒரு சட்டகத்தை ஆறுபேர் தூக்கிவிடலாம். ஒரு சட்டகத்தோடு அடுத்ததை இணைப்பது ஓர் உருக்கு முளை. பாரந்தூக்கி வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். நிரந்தரப் பாலம் எழுந்தபின் முளைகளைக் கழற்றி, அடுத்த ஆபத்துக்கு எடுத்துச் செல்லலாம். எம்பெக்கேயின் மரமுளையும் இந்த உருக்கு முளையும் ஒரே அறிவின் இரு கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பாலத்துக்கு முடியுமாயின் வீட்டுக்கு ஏன் முடியாது என்று சிலர் கேட்கின்றனர். ஆபத்தான சரிவிலிருந்து கழற்றி, பாதுகாப்பான இடத்தில் பூட்டக்கூடிய வீடுகளைத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாமே என்கின்றனர். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை எதுவுமில்லை. அவசரகாலத்துக்கு அது உகந்ததும்கூட. ஆனால் எனக்கொரு தயக்கம் உண்டு. இருநூறு ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டப்பட்ட மக்களுக்கு இன்னுமொரு கழற்றத்தக்க தங்குமிடம் என்பது நிரந்தரத் தீர்வாகிவிடக் கூடாது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் நல்ல தொடக்கங்கள். அவற்றில் சுவரைவிட முக்கியமானது ஏழு பேர்ச் காணியும் அதன் உறுதிப்பத்திரமும்தான். காணி தன்னுடையதாக இருந்தால், அதன்மேல் ஆணியடிப்பதா மரையாணி பூட்டுவதா என்பதை அந்தக் குடும்பமே தீர்மானித்துக்கொள்ளும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். உங்கள் குடும்பத்தில் எவரேனும் தோட்டத்து ஸ்டோரில் பிட்டராகவோ, தச்சராகவோ, பெட்டியடிப்பவராகவோ வேலை செய்திருந்தால், அவர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுகளில், என்ன வேலை செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் கையாண்ட கருவி ஏதேனும் எஞ்சியிருந்தால் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். கந்தப்பளையிலிருந்தாலும் சரி, கூடலூரிலிருந்தாலும் சரி, கனடாவிலிருந்தாலும் சரி, இந்தப் பதிவை இனி நாமேதான் செய்யவேண்டும்.